அடுக்கு ஜேசனும் கறாரான டைப்பும்: கோ மொழியை வைத்து ஓர் அறிமுகம்

நிரல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும் எழுத்து வடிவம் ஜேசன். டைப், அதாவது ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்ற வகை, கறாராக இருக்கும் மொழிக்கு மாறிவிட்டால் ஜேசன் தொல்லைகள் தாமாகத் தீர்ந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு: பைத்தானில் ஒரே வரியில் முடிகிற வேலை, இந்த மொழிகளில் தகவல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு ஆழமாகப் போனால் பெரும்பாடு ஆகிவிடும் என்பார்கள். இரண்டும் பாதிதான் சரி. அடுக்கு எத்தனை என்பது உண்மையில் சிக்கலே இல்லை. மூன்று அடுக்கானாலும் பத்து அடுக்கானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தலைவலி வருவது வேறு இடங்களில். வராமல் போன ஃபீல்டு (பெயரிட்ட ஒரு தகவல் கட்டம்), பூஜ்யமா வெறுமையா என்று தெரியாத மதிப்பு, ஒரு நேரம் ஒரு வடிவிலும் இன்னொரு நேரம் வேறு வடிவிலும் வரும் பகுதி என அவை மூன்று நான்குதான்.

கூகுளில் பிறந்து 2009இல் வெளியான கோ மொழியை இங்கே எடுத்துக்கொள்வோம். ஜேசன் வாசிக்கும் நூலகம் அதனுடனேயே வருகிறது, அதன் நடத்தையும் தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஜாவா, ரஸ்ட், கோட்லின், ஸ்விஃப்ட் எதுவானாலும் அடிப்படை இதேதான். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

## ஜேசன் என்பது வெறும் எழுத்து

ஜேசனை 2001 வாக்கில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பினார். இப்போது நடப்பில் இருக்கும் இணையத் தரம் 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259. அதில் மொத்தம் ஆறு வகை மதிப்புகள்தான் உண்டு: சரம் (எழுத்துத் தொடர்), எண், உண்மை அல்லது பொய், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் 'நல்', பெயரும் மதிப்புமாக இணைகளைக் கொண்ட ஆப்ஜெக்ட், வரிசையாக மதிப்புகளைக் கொண்ட அர்ரே. ஆப்ஜெக்டில் இருக்கும் பெயரைக் கீ என்பார்கள். ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்ட், அர்ரேக்குள் ஆப்ஜெக்ட், அதற்குள் இன்னோர் அர்ரே என்று போனால் அதுவே அடுக்கு ஜேசன்.

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் பாருங்கள். தேதிக்கென்று ஒரு வகை இல்லை. முழு எண், தசம எண் என்ற பிரிவும் இல்லை. எந்தக் கீ கட்டாயம், எது விருப்பம் என்று சொல்லும் வரி ஜேசன் உரைக்குள் எங்கும் கிடையாது. தகவல் மட்டும்தான் வருகிறது. அதன் வடிவம் இன்னது என்ற உறுதி உடன் வருவதில்லை.

## கடிதமும் படிவமும்

ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்தில் முன்கூட்டியே படிவம் அடித்து வைத்திருக்கிறார்கள்: பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு எண் மட்டும் எழுதும் ஒரு கட்டம், முகவரிக்குத் தனி இணைப்புத் தாள். வெளியூரிலிருந்து மனுக்கள் கடிதமாக வருகின்றன. எழுத்தர் ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்து விவரங்களைப் படிவத்தில் ஏற்றுகிறார். கடிதத்தில் இருந்து, படிவத்தில் கட்டம் இல்லாத விவரத்தை அவர் விட்டுவிடுவார். கட்டம் இருந்து, கடிதத்தில் விவரம் இல்லாவிட்டால் கட்டம் காலியாக நிற்கும். வயதுக் கட்டத்துக்கு 'நாற்பது சொச்சம்' என்று வந்திருந்தால் ஆட்சேபம் எழுதுவார்.

ஜேசன் கடிதம், உங்கள் நிரலில் அறிவிக்கும் டைப் படிவம். அச்சகத்தின் இடத்தில் கம்பைலர், அதாவது நிரலை ஓட்டுமுன் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி. படிவம் அச்சாகும்போது எந்தக் கடிதமும் வந்து சேர்ந்திருக்காது. அதனால் கடிதம் படிவத்துக்குப் பொருந்துமா என்று கம்பைலரால் ஒருபோதும் சொல்ல முடியாது. அந்தச் சோதனை நிரல் ஓடும்போது, எழுத்தர் மேசையில்தான் நடக்கிறது.

சுருக்கமாக: டைப் அறிவிப்பு என்பது 'தரவு இப்படி வரும்' என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் எதிர்பார்ப்பு. உள்ளே வந்த பிறகு அதை நீங்கள் கையாளும் விதத்தைத்தான் கம்பைலர் காவல் காக்கும். எழுத்துப் பிழையோடு ஒரு ஃபீல்டைக் கூப்பிட்டாலோ, சரத்தோடு எண்ணைக் கூட்டினாலோ அங்கேயே நிறுத்தும். வாசலில் என்ன வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

## ஒரே பெயரில் இரண்டு வேலைகள்

'ஜேசனை பார்ஸ் செய்வது' என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொல்கிறோம். முதலாவது பார்ஸ்: எழுத்து இலக்கணப்படி சரியா, அடைப்புகள் மூடியிருக்கின்றனவா, காற்புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது டீகோட்: அந்த மதிப்புகளை உங்கள் டைப்புகளின் கட்டங்களில் ஏற்றுவது.

கோ மொழியில் இரண்டையும் 'அன்மார்ஷல்' என்ற ஒரே செயல்கூறு (ஃபங்ஷன்) செய்கிறது. என்றாலும் தவறும்போது இரண்டின் விளைவும் வேறு. அன்மார்ஷல் முதலில் முழு உரையையும் இலக்கணச் சோதனை செய்கிறது; அதில் தவறினால் உங்கள் மாறியில் எதுவும் எழுதப்படாது. டைப் பொருந்தவில்லை என்றால் கதை வேறு. பொருந்தாத அந்த ஃபீல்டை மட்டும் தாண்டிவிட்டு, மீதியை முடிந்தவரை நிரப்பி, கடைசியில் முதல் பொருத்தமின்மையைப் பிழையாகத் திருப்பித் தரும். ஆக, பிழை வந்த பிறகும் மாறியில் பாதித் தரவு இருக்கும். பிழையைப் பதிவு மட்டும் செய்துவிட்டு மேலே போகிற நிரல், அரைகுறைத் தரவோடு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பிழை வந்தால் அந்த மாறியைத் தொடவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

## உண்மையான ஓர் அடுக்கு

அமெரிக்கப் புவியியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ், உலக நிலநடுக்கங்களின் பட்டியலை ஜேசனாக இணையத்தில் தருகிறது. அது ஜியோஜேசன் என்ற தரத்தைப் பின்பற்றுகிறது. வரைபடத் தரவுக்காக 2016இல் ஆர்எஃப்சி 7946 என்று வெளிவந்த தரம் அது. கீழே இருப்பது அதன் வடிவம், தேவையான ஃபீல்டுகள் மட்டும். கீ பெயர்களையும் நல் என்ற சொல்லையும் தமிழில் எழுதியிருக்கிறேன், மதிப்புகள் உதாரணத்துக்காக இட்டவை.

```
{
  "குறிப்பு": { "உருவானநேரம்": 1700000000000, "எண்ணிக்கை": 1 },
  "நிகழ்வுகள்": [
    {
      "அடையாளம்": "உதா0001",
      "பண்புகள்": {
        "அளவு": 5.1,
        "பகுதி": "கார் நிகோபாருக்கு வடகிழக்கே 40 கிமீ",
        "நேரம்": 1700000000000,
        "உணர்ந்தோர்": நல்,
        "சுனாமி": 0
      },
      "இருப்பிடம்": {
        "வகை": "புள்ளி",
        "ஆயங்கள்": [93.0, 9.4, 10.0]
      }
    }
  ]
}
```

அளவு 5.1 என்ற எண்ணை எடுக்க நான்கு படி இறங்க வேண்டும்: மேல் ஆப்ஜெக்ட், நிகழ்வுகள் அர்ரே, அதன் முதல் உறுப்பு, பண்புகள். இதற்கு டைப் வரைய இரண்டே விதிகள். நெளிவு அடைப்பு வந்தால் ஒரு ஸ்ட்ரக்ட். சதுர அடைப்பு வந்தால் ஒரு ஸ்லைஸ். பெயரிட்ட ஃபீல்டுகள் சேர்ந்த டைப்புக்கு ஸ்ட்ரக்ட் என்று பெயர். ஒரே டைப்பிலான மதிப்புகளின், நீளம் மாறக்கூடிய வரிசைக்கு ஸ்லைஸ் என்று பெயர். இன்ட்64 முழு எண்ணுக்கு, ஃப்ளோட்64 தசம எண்ணுக்கு; பாயின்டர் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம். கீழே இருப்பது வரைவு மட்டும், உண்மையான கோ நிரலில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும்.

```
தொகுப்பு
    குறிப்பு      : குறிப்பு ஸ்ட்ரக்ட்
    நிகழ்வுகள்   : நிகழ்வு ஸ்ட்ரக்டுகளின் ஸ்லைஸ்

குறிப்பு
    உருவானநேரம் : இன்ட்64
    எண்ணிக்கை   : இன்ட்64

நிகழ்வு
    அடையாளம்   : சரம்
    பண்புகள்     : பண்பு ஸ்ட்ரக்ட்
    இருப்பிடம்    : இருப்பிட ஸ்ட்ரக்டுக்குப் பாயின்டர்

பண்பு
    அளவு        : ஃப்ளோட்64
    பகுதி        : சரம்
    நேரம்        : இன்ட்64
    உணர்ந்தோர்  : இன்ட்64க்குப் பாயின்டர்
    சுனாமி       : இன்ட்64

இருப்பிடம்
    வகை         : சரம்
    ஆயங்கள்     : ஃப்ளோட்64 ஸ்லைஸ்
```

எல்லாவற்றையும் ஒரே பெரிய ஸ்ட்ரக்டுக்குள் பெயரில்லாத ஸ்ட்ரக்டுகளாக நுழைத்தும் எழுதலாம், கோ அனுமதிக்கிறது. ஜேசனைப் பார்த்தபடியே எழுத முடிவதால் தொடக்கத்தில் சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரு நிகழ்வை மட்டும் வேறொரு செயல்கூறுக்கு அனுப்ப வேண்டிவந்தால் அதைக் கூப்பிட டைப்புக்குப் பெயரே இருக்காது. அடுக்குக்கு ஒரு பெயர் கொடுத்துத் தனித்தனியாக எழுதுவதே மேல்.

இன்னொன்று: தேவையில்லாத ஃபீல்டுகளை அறிவிக்கவே வேண்டாம். யுஎஸ்ஜிஎஸ் தரும் பண்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஃபீல்டுகள் உண்டு. ஐந்துதான் வேண்டும் என்றால் ஐந்தை மட்டும் எழுதுங்கள். மீதியை டீகோடர் தாண்டிப் போய்விடும். 'எல்லாவற்றுக்கும் டைப் எழுத வேண்டுமே' என்ற பயத்தில் பாதி இதிலேயே கரைந்துவிடும்.

## பெயர் பொருந்துவது எப்படி

ஸ்ட்ரக்டின் ஃபீல்டுக்கும் ஜேசனின் கீக்கும் உறவு சொல்ல, ஃபீல்டை அடுத்து ஒரு சிறு குறிப்பு எழுதுவோம். அதற்கு டேக் என்று பெயர். டேக் இல்லாவிட்டால் ஃபீல்டின் பெயரையே கீயாக எடுத்துக்கொள்ளும். தேடும்போது அப்படியே பொருந்துவதற்கு முன்னுரிமை. அது கிடைக்காவிட்டால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பொருத்தும்.

தொடங்குபவர்கள் ஏறத்தாழ எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கோவில் ஃபீல்டு பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் அது பொதியுறைக்கு (பேக்கேஜ், ஒன்றாகச் சேர்த்து வைத்த நிரல் தொகுதி) வெளியே தெரியும். ஜேசன் நூலகம் உங்கள் பொதியுறைக்கு வெளியில் இருப்பது. ஆகவே சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டு அதன் கண்ணுக்கே படாது. பிழையும் வராது, எல்லாம் பூஜ்யமாகவும் வெற்றுச் சரமாகவும் அப்படியே இருக்கும். ஜேசன் சரியாக வந்தும் ஸ்ட்ரக்ட் காலி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தமிழில் கீ வைத்துத் தரவு தயாரிப்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஜேசன் தரப்படி தமிழ்க் கீக்கு எந்தத் தடையும் இல்லை; மேலே காட்டிய கீகளும் செல்லுபடியாகும். ஆனால் கோவின் டேக்கில் யூனிகோடு கணக்கில் எழுத்து அல்லது இலக்கம் என்று வகைப்படுத்தப்பட்டவையும் சில ஆஸ்கி குறியீடுகளும் மட்டுமே ஏற்கப்படும். புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராமல் குறி வகையில் இருக்கின்றன. அதனால் 'அளவு' என்று டேக் எழுதினால் நூலகம் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு ஃபீல்டு பெயரைத் தேடப் போகும். தமிழ் மதிப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, கீகளுக்கு மட்டும்தான். தமிழ்க் கீ வரும் என்றால் அந்த ஆப்ஜெக்டை மேப்பாக வாசிப்பதே வழி. கீயும் மதிப்புமாக எத்தனை இணைகளையும் ஏற்கும் டைப்புக்கு மேப் என்று பெயர். கீ பெயர்களே தரவாக மாறிமாறி வரும் ஆப்ஜெக்டுகளுக்கும், எடுத்துக்காட்டாக ஊர்ப் பெயரைக் கீயாகக் கொண்டவற்றுக்கும், மேப்தான் சரி.

## இல்லை, நல், பூஜ்யம்

இது அதிகம் குழப்பும் பகுதி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உணர்ந்தோர் என்ற ஃபீல்டு, நிலநடுக்கத்தை உணர்ந்ததாக எத்தனை பேர் தெரிவித்தார்கள் என்ற எண்ணிக்கை. அது மூன்று விதமாக வரலாம்: கீயே வராமல் போகலாம், கீ இருந்து மதிப்பு நல் ஆக இருக்கலாம், அல்லது ஓர் எண் வரலாம். இதை வெறும் இன்ட்64 என்று அறிவித்தால் கோ என்ன செய்யும்? கீ இல்லையென்றால் மாறியைத் தொடாது. நல் வந்தாலும் தொடாது. புதிதாக உருவாக்கிய மாறியில் ஏற்கெனவே இருப்பது 0. ஆகவே 'தகவல் இல்லை' என்பதும் 'பூஜ்யம்' என்பதும் உங்கள் நிரலுக்கு ஒன்றாகவே தெரியும். சராசரி எடுத்தால் கணக்கு தப்பும், அதற்குப் பிழைச் செய்தியும் வராது.

இதற்கு மருந்து பாயின்டர். ஒரு மதிப்பு நினைவகத்தில் இருக்கும் இடத்தைச் சுட்டுவது பாயின்டர். எதையும் சுட்டாமலும் இருக்கலாம், அந்த நிலைக்குக் கோவில் 'நில்' என்று பெயர். ஃபீல்டைப் பாயின்டராக அறிவித்தால், எண் வந்தபோது அதைச் சுட்டும். 0 வந்தாலும் அந்த 0ஐச் சுட்டும். நல் வந்தாலோ கீ இல்லாவிட்டாலோ நில் ஆக இருக்கும். விலை என்னவென்றால் ஒவ்வொரு முறையும் 'நில் இல்லையே' என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பார்க்காமல் தொட்டால் நிரல் ஓட்டத்திலேயே விழும். அதனால் எல்லா ஃபீல்டையும் பாயின்டராக்குவது மூடத்தனம். 0 என்பதற்குத் தனி அர்த்தம் இருக்கும் ஃபீல்டுக்கும், முழு ஆப்ஜெக்டே இல்லாமல் போகக்கூடிய இடத்துக்கும் மட்டும் போதும். ஜியோஜேசன் தரத்தில் இருப்பிட ஆப்ஜெக்ட் நல் ஆக வரலாம் என்று எழுதியே இருக்கிறது. மேலே அதைப் பாயின்டராக வைத்தது அதனால்தான்.

'கீ இல்லாவிட்டால் தொடாது' என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. வரி வரியாக வரும் ஜேசனைச் சுற்றில் (லூப்) வாசிக்கும்போது, மாறியைச் சுற்றுக்கு வெளியே ஒரே முறை அறிவித்திருந்தால், இரண்டாவது பதிவில் இல்லாத ஃபீல்டில் முதல் பதிவின் மதிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவருடைய தொலைபேசி எண் இன்னொருவருக்குப் போய்ச் சேரும் வகைப் பிழை இது. மாறியைச் சுற்றுக்கு உள்ளே அறிவியுங்கள்.

இந்தத் தாராளம் கோவுடையது. ரஸ்டின் செர்டே நூலகத்தில் 'ஆப்ஷன்' என்று சொல்லாத ஃபீல்டு வராவிட்டால் உடனே பிழை. ஸ்விஃப்ட்டின் கோடபிளும் அப்படியே. கோட்லினின் அதிகாரபூர்வ நூலகம் இயல்பான அமைப்பில் தெரியாத கீ வந்தாலும் மறுக்கும். கோவில் தெரியாத கீயை மறுக்க வேண்டுமானால் டீகோடரில் 'டிஸ்அலோ அன்நோன் ஃபீல்ட்ஸ்' என்ற அமைப்பைப் போட வேண்டும். இது 2018இல் கோ 1.10 பதிப்பில் வந்தது. நீங்களே எழுதும் அமைப்புக் கோப்புகளுக்கு இது நல்ல காவல், எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். வெளியார் தரும் தரவுக்குப் போடாதீர்கள். அவர்கள் புதிதாக ஒரு ஃபீல்டைச் சேர்த்த அன்று உங்கள் நிரல் நின்றுவிடும்.

சுருக்கமாக: இல்லாததும் நல்லும் சாதாரண ஃபீல்டில் பூஜ்யமாகக் கரைந்துவிடும், வேறுபாடு முக்கியமான இடத்தில் பாயின்டர், சுற்றுக்குள் எப்போதும் புது மாறி.

## எண் என்றால் எந்த எண்

ஒரே ஒரு மாதிரியைப் பார்த்து டைப் முடிவு செய்வது ஆபத்து. அன்றைய தரவில் அளவு 5 என்று வந்திருக்கும். முழு எண் என்று நினைத்து இன்ட் என அறிவிப்பீர்கள். மறுநாள் 5.1 வரும், டீகோட் உடையும். இன்ட் ஃபீல்டுக்கு 5.0 என்று வந்தால்கூடக் கோ ஏற்காது. மாதிரியைப் போட்டால் ஸ்ட்ரக்ட் எழுதித் தரும் இணையக் கருவிகளும் இதே தவறைச் செய்யும், அவற்றுக்கும் தெரிவது அந்த மாதிரி மட்டும்தானே. தருபவர் வெளியிட்ட ஆவணத்தில் அந்த ஃபீல்டுக்கு என்ன வகை என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

நேரம் இன்னொரு வழுக்குப் பாறை. யுஎஸ்ஜிஎஸ் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை மில்லிவினாடி என்று தருகிறது. 1700000000000 என்பது உலக நேரப்படி 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 வினாடி. கோவின் நேர டைப்பை நேரடியாக ஃபீல்டுக்குப் போட்டால் பிழை வரும், ஏனெனில் அது ஆர்எஃப்சி 3339 வடிவிலான சரத்தை எதிர்பார்க்கிறது. இன்ட்64 ஆக வாங்கி, 2021இல் வந்த 'யூனிக்ஸ்மில்லி' செயல்கூறால் மாற்றிக்கொள்ளுங்கள். மில்லிவினாடியை வினாடி என்று எண்ணி மாற்றினால் ஆண்டு ஐம்பத்தையாயிரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். 13 இலக்கம் என்றால் மில்லிவினாடி, 10 இலக்கம் என்றால் வினாடி. இந்தக் காலத்துத் தேதிகளுக்கு இந்தக் கணக்கு தப்பாது.

பெரிய அடையாள எண்களில்தான் கறாரான டைப்பின் அருமை தெரியும். டைப் சொல்லாமல் வாசித்தால் கோ எல்லா எண்களையும் ஃப்ளோட்64 ஆக வைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் எண்ணும் அதே வகை. அதில் 9007199254740992க்கு மேல் எல்லா முழு எண்களுக்கும் இடமில்லை. 9007199254740993 என்று வந்தது 9007199254740992 ஆகிவிடும். ட்விட்டர், பிற நிரல்கள் தரவு கேட்கும் வாசலான தன் ஏபிஐயில் பதிவின் அடையாளத்தை எண்ணாகவும், அதையே சரமாகவும் இரண்டு ஃபீல்டுகளில் தந்தது இதற்காகத்தான். கோவில் ஃபீல்டை இன்ட்64 என்று அறிவித்துவிட்டால் ஓர் இலக்கமும் கெடாது.

## வடிவமே மாறும்போது

இதுவரை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டைப் போதுமானதாக இருந்தது. ஜியோஜேசனின் ஆயங்கள் அப்படி இல்லை. வகை 'புள்ளி' என்றால் அது எண்களின் ஒரே அர்ரே. 'கோடு' என்றால் அர்ரேக்குள் அர்ரே. 'பலகோணம்' என்றால் மூன்று அடுக்கு, 'பல பலகோணம்' என்றால் நான்கு. எந்த அடுக்கு என்பதைப் பக்கத்தில் இருக்கும் வகை ஃபீல்டு சொல்கிறது. நிலநடுக்கத் தரவில் புள்ளி மட்டும் வருவதால் மேலே ஒரு ஸ்லைஸ் போதும். மாவட்ட எல்லைகள் போன்ற வரைபடக் கோப்பை வாசித்தால் அது போதாது.

வழி இதுதான்: அந்த ஃபீல்டை உடனே டீகோட் செய்யாமல், பிரிக்காத எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோவில் இதற்கென்றே 'ராமெசேஜ்' என்ற டைப் இருக்கிறது. முதல் சுற்றில் வகை சரமாகவும், ஆயங்கள் ராமெசேஜாகவும் வந்து சேரும். வகையைப் பார்த்து, புள்ளிக்கு ஓரடுக்கு ஸ்லைஸ், பலகோணத்துக்கு மூன்றடுக்கு ஸ்லைஸ் என்று தகுந்த மாறியை எடுத்து, அந்த எழுத்தை இரண்டாம் முறை அன்மார்ஷல் செய்யுங்கள். தெரியாத வகை வந்தால் பிழை திருப்புங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும். பணப் பரிமாற்ற அறிவிப்பு, அரட்டைச் செய்தி என்று வகைக்கு ஒரு வடிவம் வரும் எல்லா இடத்திலும் இதே உத்திதான்.

சில சேவைகள் ஆப்ஜெக்டை அனுப்புவதற்குப் பதில், அந்த ஆப்ஜெக்டின் ஜேசன் எழுத்தை ஒரு சரத்துக்குள் அடைத்து அனுப்பும். மேற்கோள் குறிகளுக்கு முன் சாய்கோடுகள் நிறைந்து கிடந்தால் அதுதான். இதற்கு ராமெசேஜ் வேலை செய்யாது. முதலில் சரமாக வாங்கி, அந்தச் சரத்தின் உள்ளடக்கத்தைத் தனியாக அன்மார்ஷல் செய்ய வேண்டும்.

ஆயங்களை மூன்று உறுப்பு கொண்ட நிலை நீள அர்ரேயாக அறிவிக்கும் ஆசையும் வரும், தீர்க்கரேகை, அட்சரேகை, ஆழம் என்று மூன்றுதானே என்று. கோவில் நிலை நீள அர்ரேக்குக் குறைவாக வந்தால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பும், அதிகமாக வந்தால் வெட்டிவிடும். இரண்டுக்கும் பிழை கிடையாது. ஆழம் தெரியாத நிகழ்வு 0 கிமீ ஆழத்தில் நடந்ததாகப் பதிவாகும். ஸ்லைஸாக வாங்கி நீளத்தைச் சோதியுங்கள்.

வரிசையையும் கவனியுங்கள்: ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில். சென்னை சுமார் 80.27, 13.08. மாற்றி வாசித்தால் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரையை ஒட்டி ஆர்க்டிக் கடலில் போய் விழும். இரண்டும் ஃப்ளோட்64 என்பதால் எந்தக் கம்பைலரும் வாய் திறக்காது.

## எல்லாவற்றையும் மேப்பில் கொட்டினால்

டைப் எழுதும் சலிப்பில் பலர் முழு ஜேசனையும் 'எந்த டைப்பும் ஆகலாம்' என்ற மேப்பில் கொட்டிவிடுவார்கள். வாசிப்பது ஒரு வரிதான். வெளியே எடுக்கும்போதுதான் வட்டி கட்டுவீர்கள். அளவு என்ற எண்ணுக்கு இறங்கும் ஒவ்வொரு படியிலும் 'இது மேப்தான்', 'இது அர்ரேதான்', 'இது ஃப்ளோட்64தான்' என்று டைப்பை உறுதி செய்து கேட்க வேண்டும். ஒரு படியில் ஊகம் தப்பினால், சோதித்துக் கேட்காதவரை நிரல் அங்கேயே விழும். கீ பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் கம்பைலர் சொல்லாது. கறாரான மொழியை வைத்துக்கொண்டு அதன் காவலை அணைத்துவிடுவது போலத்தான்.

வடிவமே தெரியாத ஜேசனை அழகாக அச்சிட, அல்லது வந்ததை அப்படியே வேறிடத்துக்கு அனுப்ப என்றால் மேப் பொருத்தம். மற்ற இடங்களில் ஸ்ட்ரக்ட் எழுதும் பத்து நிமிடம் வீணல்ல.

## பிழைச் செய்தியை வாசிப்பது

டைப் பொருந்தாத பிழையில் கோ மூன்று விஷயம் தருகிறது: வந்தது என்ன வகை, எதிர்பார்த்தது என்ன டைப், மேல் ஸ்ட்ரக்டிலிருந்து அந்த ஃபீல்டு வரையிலான பாதை. நிகழ்வுகள், பண்புகள், அளவு என்று பாதை வரும். ஆனால் நிகழ்வுகளில் எத்தனையாவது என்பது பாதையில் இருக்காது. பிழை மதிப்புக்குள் 'ஆஃப்செட்' என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. எத்தனையாவது பைட்டுக்கு அருகே சிக்கல் என்று அது சொல்லும். மூல உரையில் அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் நூறு பைட் வெட்டிப் பதிவு செய்தால் குற்றவாளி கையில் கிடைப்பான். தமிழ் எழுத்துள்ள உரையில் பைட்டும் எழுத்தும் ஒன்றல்ல என்பது நினைவிருக்கட்டும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்.

தொடக்கத்திலேயே கோண அடைப்புக் குறி வந்தது என்று பிழை சொன்னால் ஜேசனில் எதையும் தேடாதீர்கள். சேவையகம் ஜேசனுக்குப் பதில் எச்டிஎம்எல் பிழைப் பக்கத்தை அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். பதிலின் நிலை எண், வெற்றியைக் குறிக்கும் 200தானா என்று டீகோட் செய்யும் முன்பே பார்த்திருக்க வேண்டும். முதல் எழுத்திலேயே விநோதமான ஒரு லத்தீன் எழுத்தைக் காட்டிப் புலம்பினால், கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி ஒட்டியிருக்கிறது. விண்டோஸில் சேமித்த கோப்புகளில் இது சகஜம், அந்த 3 பைட்டை நீக்கிவிட்டு வாசிக்கலாம். 'உரை பாதியில் முடிந்துவிட்டது' என்றால் பெரும்பாலும் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது முழுப் பதிலையும் வாங்காமல் டீகோட் செய்திருக்கிறீர்கள். அன்மார்ஷலுக்கு மாறியைக் கொடுக்காமல் மாறியின் பாயின்டரைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கும் தனிப் பிழை ஒன்று உண்டு, அதைச் சந்திக்காமல் கோ கற்றவர் குறைவு.